இறுகிய மரை

இரும்புக்குப் பிடிவாதம் உண்டா? நம் பேச்சை வைத்துப் பார்த்தால் உண்டு என்றுதான் சொல்லவேண்டும். துருவேறிய ஒரு நட்டைக் கழற்றப் பார்த்துத் தோற்றவன், "கழலவில்லை" என்று சொல்லி நிறுத்திக்கொள்வதில்லை. "கழலமாட்டேன் என்கிறது" என்கிறான். பூட்டுத் திறக்கமாட்டேன் என்கிறது. அடுப்பு எரியமாட்டேன் என்கிறது. பேனா எழுதமாட்டேன் என்கிறது. மாட்டேன் என்று சொல்ல ஒரு மனம் வேண்டும். அந்த மனத்தை நாமே அதற்கு இரவல் கொடுத்துவிட்டு, பிறகு அதன்மேல் ஆத்திரப்படவும் செய்கிறோம்.

தொட்டிலை விட்டு இறங்கியதுமே இந்தப் பழக்கம் நமக்குத் தொடங்கிவிடுகிறது. குழந்தை தடுக்கி விழுந்து அழுகிறது. தாய் ஓடிவந்து தூக்கி, தரையை ஓங்கி ஓர் அடி அடிக்கிறாள். "என் கண்ணைத் தள்ளிவிட்டாயா, இந்தா வாங்கிக்கொள்!" குழந்தையின் அழுகை நின்றுவிடுகிறது. பார்க்க அழகான காட்சிதான். ஆனால் குழந்தை அந்த நேரத்தில் என்ன கற்றுக்கொள்கிறது என்று எனக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம். தரைக்கு உயிர் இருக்கிறது என்பதை அது இரண்டு வருஷத்தில் மறந்துவிடும். தனக்கு வலித்தால் யாராவது ஒருவர் அடிபட்டாக வேண்டும் என்பதை மறக்குமா?

இதையெல்லாம் சாவகாசமாக யோசிக்கும்படி செய்தது ஒரு பழைய மோட்டார் சைக்கிள்.

அடுத்த வீட்டு இளைஞர் ஒருவர் தம் தாத்தாவின் புல்லட் வண்டியை ஊரிலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பட்டறையில் இறக்கினார். ஒற்றைச் சிலிண்டர், 346 சி.சி. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனி 1955-ஆம் ஆண்டில் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து, சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் புல்லட் வண்டியைச் செய்ய ஏற்பாடு பண்ணியது. பிறகு 1967-இல் ரெட்டிச் ஆலையையே மூடிவிட்டார்கள். தாய்வீடு மூடிய பிறகும் புகுந்த வீட்டில் புல்லட் வாழ்ந்துகொண்டிருந்தது. இந்த வண்டி 1961-இல் அங்கிருந்து புறப்பட்டது. தாத்தா காலமானதும் மாட்டுக் கொட்டகையின் ஓரத்தில் நிறுத்தியவர்கள், முப்பது வருஷத்துக்குமேல் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. இருக்கைக்குக் கீழே ஏதோ ஒரு பறவை கூடுகட்டிக் குடித்தனம் நடத்திவிட்டுப் போயிருந்தது.

மாலை நேரத்தில் எனக்கு வேலை ஒன்றும் கிடையாது. பட்டறை வாசலில் கிடக்கும் மர ஸ்டூலில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது வழக்கமாகிவிட்டது. மேஸ்திரிக்கு வயது ஐம்பத்தைந்து இருக்கும். கூட ஒரு பையன், பத்தொன்பது வயது.

வண்டியில் எதுவும் அசையவில்லை. பின்சக்கரத்தின் அச்சு அதன் நட்டோடு ஒன்றிப்போயிருந்தது. இன்ஜின் பக்கவாட்டு மூடியின் திருகுகள் மூடியோடு மூடியாக ஒட்டிக்கிடந்தன. கிக்கரை மிதித்தால் கல்லை மிதிப்பதுபோல் இருந்தது. பிஸ்டன் சிலிண்டருக்குள் சமாதியாகிவிட்டது. "எல்லாம் ஜாம் சார்" என்றார் மேஸ்திரி. அவர் குரலில் கவலை இல்லை. வைத்தியர்கள் காய்ச்சல் என்று சொல்வார்களே, அப்படிச் சொன்னார்.

ஜாம் என்பது என்ன? இரும்பு, தண்ணீர், காற்று மூன்றும் சேர்ந்தால் துரு. உப்புக்காற்று இருந்தால் இன்னும் சீக்கிரம். இவ்வளவு பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். துரு இரும்பைத் தின்கிறது என்று நாம் சொல்கிறோம். ஆகையால் துருப்பிடித்த இடம் இளைத்துத் தளர்ந்துபோகும் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நடப்பது நேர்மாறு. தின்னப்பட்ட இரும்பு இருந்த இடத்தைப்போல இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்குவரை இடம் கேட்கிறது துரு. வெளியே உதிர்ந்தால் போகிறது. ஆனால் போல்ட்டின் மரைக்கும் நட்டின் மரைக்கும் நடுவே இருப்பது மயிரிழை இடைவெளி. அந்த இடுக்கில் அது வீங்கி, இரண்டையும் ஒன்றோடொன்று நெரித்துக்கொண்டு நிற்கிறது. உள்ளே இரும்பு பலவீனமாகிக்கொண்டே இருக்கிறது. பிடி மட்டும் பலமாகிக்கொண்டே போகிறது. இதைக் கேட்டதும் எனக்கு இரண்டொரு மனிதர்களின் முகம் நினைவுக்கு வந்தது. அது இருக்கட்டும்.

இரும்பு பிடித்த கையும் சிரங்கு பிடித்த கையும் சும்மா இருக்காது என்பார்கள். இந்த மேஸ்திரியின் கை சும்மா இருந்தது. முதல் பத்து நாள் அவர் ஸ்பானரையே எடுக்கவில்லை. கம்பி பிரஷ்ஷால் வெளித் துருவைத் தேய்த்தார். ஒரு புட்டியிலிருந்து ஒவ்வொரு மரையிலும் இரண்டு சொட்டு விட்டார். ஆட்டோமாடிக் கியர் எண்ணெயும் அசிட்டோனும் சரிபாதியாகக் கலந்த கலவை அது. இரண்டும் கலந்தே இருக்காது, பிரிந்துகொள்ளும். ஒவ்வொரு தடவையும் குலுக்கித்தான் விடவேண்டும். அமெரிக்காவில் ஸான் டியாகோ நகரத்தில் 1953-இல் கண்டுபிடித்த டபிள்யூ.டி.-40 என்ற டப்பாத் தைலமும் அலமாரியில் இருந்தது. ஆனால் அதன் பெயரே ஈரத்தை விரட்டுவதற்காக நாற்பதாவது முறை செய்து பார்த்த கலவை என்பதைத்தான் குறிக்கிறது. நெடுநாள் இறுகிய மரைக்கு மேஸ்திரி அதை நம்புவதில்லை. சொட்டுவிட்டபின் ஒரு சிறு சுத்தியலால் நட்டின் தலையில் டொக் டொக்கென்று தட்டினார். அடிப்பது என்று சொல்லமுடியாது, கதவு தட்டுவதுபோல. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பதை நான் விடாமுயற்சிக்குச் சொன்ன பழமொழியாகவே எடுத்துக்கொண்டிருந்தேன். அது பட்டறை நுணுக்கம் என்று அன்று தெரிந்தது. பலமான ஓர் அடி போல்ட்டை வளைக்கும். மெல்லிய நூறு அடி துருவின் பொருக்கில் கீறல் விழச்செய்யும். கீறலுக்குள் எண்ணெய் தானாகவே ஏறிக்கொள்ளும், விளக்குத் திரியில் ஏறுவதுபோல.

பிஸ்டனுக்கு வேறு சிகிச்சை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக டீசலும் எண்ணெயும் ஊற்றி அப்படியே விட்டுவிட்டார். தினமும் காலையில் கொஞ்சம் ஊற்றுவார். இரண்டு வாரம் கழித்து வண்டியை டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் முன்னுக்கும் பின்னுக்கும் மெதுவாக அசைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாம் நாள் ஒரு நூலளவு நகர்ந்தது. இன்னொருவராக இருந்தால் அந்தச் சந்தோஷத்தில் கிக்கரை ஓங்கி மிதித்திருப்பார். மேஸ்திரி பிளக் துளையில் மறுபடியும் எண்ணெய் ஊற்றிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். சமைக்கப் பொறுத்தவருக்கு ஆறவும் பொறுத்தது.

பக்கவாட்டு மூடிக்கு நெருப்பு. மூடி அலுமினியம், திருகு எஃகு. ஒரே சூட்டில் அலுமினியம் எஃகைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஆகவே மூடியைச் சூடுபடுத்தினால் துளை திருகைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். அதற்குமுன் அசிட்டோன் புட்டியைத் தெருவுக்கே கொண்டுபோய் வைக்கச்சொன்னார். அது சட்டென்று தீப்பற்றும் சரக்கு. சூடான திருகின் கழுத்தில் மெழுகுவத்தியைத் தொட்டார். மெழுகு உருகி உள்ளே இழுத்துக்கொள்ளப்பட்டது. பிறகு திருப்புளியை வைத்து முதலில் இறுக்கினார்.

"இறுக்குகிறீர்களே?" என்றேன்.

"மொதல்ல அது போற பக்கமே கொஞ்சம் போகவிடணும் சார். துருப் புடி அங்கேதான் விடும். அப்புறம் நம்ம பக்கம் திருப்பிக்கலாம்."

இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். இந்த இன்ஜினில் எண்ணெய்ப் பம்பை ஓட்டும் ஒரு திருகு இருக்கிறது. சைக்கிளின் இடது பெடலைப்போல அதற்கு இடதுமரை. அதைத் தெரியாதவன் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே இருப்பான். எவ்வளவு பலசாலியோ அவ்வளவு கெடுதல். மரை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்காமல் ஸ்பானரைத் தொடக்கூடாது என்பது அவருடைய முதல் விதி.

நான் மிகவும் வியந்தது மற்றொரு பாடத்தை. போல்ட் ஒன்றில் ஸ்பானரை மாட்டி, என் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தார். "நல்லபடியா விடுற போல்ட் டக்குனு சத்தம் போட்டு, கரகரன்னு முனகிக்கிட்டே வரும். அது முனகினா பயம் இல்லே. ஒடியப்போற போல்ட் சத்தமே போடாது. திடீர்னு ரப்பர் மாதிரி இளகிக் கொடுக்கும். வந்துடிச்சுன்னு சந்தோஷப்படாதீங்க. கையை எடுத்துடணும்."

நாற்பது வருஷத் தொழிலில் அந்த இளக்கத்தை அடையாளம் கண்டுகொள்ளும் கை அவருக்கு வாய்த்திருந்தது. இவ்வளவு பொறுமையை நான் கோயில் சிற்பிகளைப் பற்றிப் படித்திருக்கிறேனே தவிர, நேரில் பார்த்ததில்லை. இந்த மனிதரைப் பற்றி எழுதவேண்டும் என்று மனத்துக்குள் வாக்கியங்கள்கூட அமைக்கத் தொடங்கிவிட்டேன்.

மேஸ்திரி ஒருநாள் பின் மட்கார்டுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். பார்க்காமலே கையை நீட்டி, "டேய், கால் ஸ்பானர் குடு!" என்றார். பழைய பிரிட்டிஷ் ஸ்பானர்களில் ஒரு விசித்திரம் உண்டு. இன்றைய மில்லிமீட்டர் ஸ்பானரில் பொறித்திருப்பது அதன் வாயின் அகலம். விட்வொர்த் ஸ்பானரில் பொறித்திருப்பதோ போல்ட்டின் பருமன். கால் என்று எழுதியிருக்கும். வாயை அளந்தால் அரை அங்குலத்துக்கும் அதிகம். பையனுக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. கால் அங்குலத்துக்குச் சிறிதாக ஒன்றைத் தேடினான். அது நட்டுக்குச் சேராது என்று அவன் கண்ணுக்கே தெரிந்தது. புத்திசாலித்தனமாக யோசித்து, நட்டின் அகலத்தைக் கண்ணால் அளந்து 14 மில்லிமீட்டர் ஸ்பானரைக் கொடுத்தான். அது உள்ளே போகும். ஆனால் ஒரு மயிரிழை ஆடும். மேஸ்திரி அழுத்தினார். நட்டின் மூலைகள் மழுங்கின. ஸ்பானர் நழுவி, விரல் மொளிகள் இரும்பில் மோதித் தோல் உரிந்தது.

எழுந்தார். பையனின் கன்னத்தில் அறைந்தார். அறையின் சத்தம் எதிர்க்கடை வரைக்கும் கேட்டிருக்கும். பையன் ஒன்றும் பேசவில்லை. "சரிங்கண்ணே" என்று மட்டும் சொன்னான். எதற்குச் சரி என்று எனக்குப் புரியவில்லை.

இரண்டு நிமிஷத்தில் மேஸ்திரி மறுபடியும் மட்கார்டுக்கு அடியில் இருந்தார். மழுங்கிய நட்டின் மூலைகளைச் சிறு அரத்தால் ராவிச் சரிசெய்துகொண்டிருந்தார். காயத்துக்கு மருந்து போடுகிறவரின் கை அது.

நல்லவரா கெட்டவரா என்று கேட்டால் நல்லவர் என்றுதான் சாட்சி சொல்வேன். பையனின் தாயார் ஆஸ்பத்திரியில் படுத்தபோது செலவைக் கொடுத்தவர் இவர். மத்தியானச் சாப்பாட்டில் மீன்துண்டைப் பையனின் இலைக்குத் தள்ளிவிடுவதை நானே பார்த்திருக்கிறேன். ஆகையால்தான் விஷயம் சுலபமாக முடியவில்லை. கொடுமைக்காரனாக இருந்தால் ஒரு பெருமூச்சோடு விட்டிருக்கலாம்.

சில நாள் கழித்துக் கேட்டேன்: "மேஸ்திரி, அந்த அச்சு நட்டுக்குப் பத்து நாள் கொடுத்தீர்கள். பையனுக்குப் பத்து நொடி கொடுக்கவில்லையே?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அது இரும்பு சார். அவசரப்பட்டா ஒடிஞ்சிடும். ஒடிஞ்சா நடுவிலே துளை போட்டு எடுக்கணும். ரெண்டு நாள் வேலை."

"பையன்?"

சிரித்தார். "அவன் எங்கே சார் ஒடியப்போறான்? நான் வாங்காத அடியா? இப்படித்தான் தொழில் கத்துக்கிட்டேன்."

இந்தப் பதிலை நான் வெகுநாள் மனத்தில் போட்டுப் புரட்டியிருக்கிறேன். அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் பிர்ஸிக் 1974-இல் ஜென்னையும் மோட்டார் சைக்கிள் பராமரிப்பையும் தலைப்பிலேயே சேர்த்து ஒரு புத்தகம் வெளியிட்டார். பக்கவாட்டு மூடியில் கழலாமல் சிக்கிக்கொண்ட ஒரே ஒரு திருகைப் பற்றி அதில் பக்கம் பக்கமாக ஆராய்கிறார். யந்திரத்தைப் பழுதுபார்க்கிறவன் உண்மையில் தன்னைத்தானே பழுதுபார்த்துக்கொள்கிறான் என்பது அவருடைய கட்சி. படிக்கும்போது உடன்படத் தோன்றும். எங்கள் தெருக்கோடிப் பட்டறையில் உட்கார்ந்திருந்தால் தோன்றாது. நாற்பது வருஷம் இரும்பிடம் பொறுமை பழகிய கை, ஒரு கணத்தில் ஒரு பையனின் கன்னத்துக்குப் போய்விட்டதே! பழகிய பொறுமை எங்கே போயிற்று?

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், என் நண்பர், இதற்கு ஒரு பதில் சொன்னார். "போல்ட்டிடம் காட்டியது பொறுமையே இல்லை ஐயா, சாமர்த்தியம். அதற்கு வலிக்காது, அதற்கு அநியாயம் செய்யவும் முடியாது, நியாயம் செய்யவும் முடியாது. தர்மம் அதர்மம் எல்லாம் உயிர்களோடுதான்." பாதி சரி. இரும்புக்கு வலிக்காது என்பது உண்மைதான். ஆனால் சாமர்த்தியம் என்று பெயர் மாற்றிவிட்டால் கேள்வி தீர்ந்துவிடுகிறதா? அந்தச் சாமர்த்தியம் ஏன் இரும்போடு நின்றுவிட்டது?

திருவள்ளுவர் வெகுளாமை அதிகாரத்தை இந்த இடத்தில்தான் தொடங்குகிறார். கோபம் செல்லுபடியாகும் இடம், செல்லுபடியாகாத இடம் என்று இடத்தை இரண்டாகப் பிரித்துவிடுகிறார். செல்லும் இடத்தில் அடக்கியவனைத்தான் அடக்கியவன் என்று ஒப்புக்கொள்கிறார். செல்லாத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்று உதட்டைப் பிதுக்கிவிடுகிறார். சிறுவயதில் இதை அரசனையும் குடிமகனையும் வைத்து எங்களுக்கு விளக்கினார்கள். பட்டறையில் வைத்துப் பார்த்தால் இன்னும் கூர்மையாக இருக்கிறது. துருப்பிடித்த நட்டு, கோபம் செல்லாத இடம். அங்கே கோபித்தால் உடனே தண்டனை. போல்ட் முறியும், இரண்டு நாள் கூலி போகும். அதனால் மேஸ்திரிக்குக் கோபம் வருவதில்லை. பையன், செல்லும் இடம். அங்கே தண்டனை கிடையாது. அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு அவனே வந்து கதவைத் திறந்து பெருக்குவான்.

நம் கோபத்தைக் குருட்டுத்தனமானது என்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதற்கு மிகக் கூர்மையான கண் இருக்கிறது. மேலதிகாரியின் அறையில் எவ்வளவு வசவு விழுந்தாலும் வராத கோபம், வீட்டு வாசற்படியில் செருப்பைக் கழற்றும்போது வந்துவிடுகிறது. கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து அலமாரியில் வைக்கிற அம்மாள், மருமகளிடம் ஒரு சொல்லை எடுத்து நங்கென்று வைக்கிறாள். டம்ளர் உடைந்தால் தெரியும். வீட்டில் புலி வெளியில் எலி என்று இதைச் சிரித்துவிட்டுப் போகிறோம்.

பாரசீக அரசன் ஸெர்க்ஸஸ் கதை தெரிந்திருக்கும். கி.மு. 480-ஆம் ஆண்டுப் படையெடுப்பில் கிரேக்கத்துக்குப் போவதற்காக ஹெல்லஸ்பாண்ட் ஜலசந்தியில் பாலம் போடச் செய்தான். புயல் அதை அழித்துவிட்டது. கடலுக்கு முந்நூறு கசையடி கொடுக்கவும் விலங்கு பூட்டவும் உத்தரவிட்டான் என்று ஹெரடோட்டஸ் எழுதிவைத்திருக்கிறார். உலகம் இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷமாக இதைச் சொல்லிச் சிரிக்கிறது. ஆனால் அதே இடத்தில் ஹெரடோட்டஸ் இன்னொரு வரி எழுதியிருக்கிறார். அதைச் சொல்லுகிறவர்கள் குறைவு. பாலம் கட்டும் பொறுப்பில் இருந்தவர்களின் தலைகளையும் வெட்டச்செய்தான். கடல் முந்நூறு அடியையும் வாங்கிக்கொண்டு அலையடித்துக்கொண்டிருந்தது. தலைகள் மட்டும் விழுந்தன. உணர்வில்லாத பொருளிடம் கோபிப்பது பைத்தியக்காரத்தனம் என்று ரோமாபுரியின் ஸெனகா கோபத்தைப் பற்றித் தம் அண்ணனுக்கு எழுதிய நூலில் சொல்கிறார். பைத்தியக்காரத்தனம் அதோடு நின்றால் பரவாயில்லை. பொருளிடம் பலிக்காத கோபம் திரும்பி நடந்து, பலிக்கும் ஆளைத் தேடுகிறது.

இதைப் படிக்கிறவர்களில் சிலர், பொறுமையாக இரு என்பதைத்தான் இவ்வளவு சுற்றிவளைத்துச் சொல்கிறாயா என்று நினைக்கலாம். அப்படியும் சொல்லமுடியவில்லை, ஏனென்றால் வெறும் பொறுமையின்மேல் எனக்குப் பட்டறையில் நம்பிக்கை போய்விட்டது. அந்த வண்டி முப்பது வருஷம் மாட்டுக் கொட்டகையில் பொறுமையாகத்தான் நின்றது. அதைப்போல் பொறுமையாக நின்றவர் யார்? சும்மா நிற்பது துருவுக்குச் செய்யும் உபகாரம். எனக்குத் தெரிந்த இரண்டு சகோதரர்கள் ஒரு பாகப்பிரிவினைச் சுவரை முன்னிட்டுப் பேச்சை நிறுத்தினார்கள். காலம் ஆற்றும், விட்டுவிடுங்கள் என்று பெரியவர்கள் எல்லோரும் சொன்னார்கள். பதினெட்டு வருஷம் விட்டுவிட்டார்கள். தீபாவளிக்கு ஒரு தட்டுப் பலகாரம் போகவில்லை, வீட்டில் காய்ச்சல் என்றால் ஒரு விசாரிப்பு இல்லை. காலம் ஒன்றையும் ஆற்றவில்லை, இடுக்கில் வீங்கிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு கல்யாணத்தில் உறவினர் நாலு பேர் கூடி, இருவரையும் பிடித்து இழுத்து, ஒரே பந்தியில் உட்காரவைத்தார்கள். அதோடு முறிந்தது. முதலில் ஒன்றும் செய்யாமல் இருந்தது, பிறகு ஒரே மூச்சில் பலாத்காரம். இரண்டுக்கும் நடுவில் சொட்டு எண்ணெய் என்று ஒன்று இருக்கிறது. அதைச் செய்ய யாருக்கும் பொழுதில்லை. கழற்றுமுன் கொஞ்சம் இறுக்கவேண்டும் என்பதையும் அவர்களிடம் யாரும் செய்து பார்க்கவில்லை: "உன் கட்சியில் நியாயம் இருக்கிறது, சொல்லு" என்று தம்பியை அவன் போகிற பக்கமே நாலடி போகவிட்டு, பிறகு திருப்பியிருக்கலாம்.

பலத்தையே தொடக்கூடாது என்ற கட்சியும் எனக்கில்லை. பின்சக்கரத்து அச்சு நட்டு எதற்கும் மசியவில்லை. எண்ணெய், தட்டல், நெருப்பு எல்லாம் ஆயிற்று. கடைசியில் மேஸ்திரி உளியை எடுத்து, நட்டின் பக்கத்தில் வைத்து, இரண்டாகப் பிளந்தார். அச்சின் மரையில் ஒரு கீறல் இல்லை. "நட்டு புதுப்பேட்டையில கெடைக்கும் சார். அச்சைக் காப்பாத்தணும்னா நட்டை விட்டுடணும்." பார்க்கப் பார்க்க நியாயமாக இருந்தது. இரும்பில் இது மிகவும் நேர்மையான கணக்கு. எது மலிவு, எது அருமை என்று தராசு வைத்துச் சொல்லிவிடலாம்.

வீட்டிலும் ஆபீஸிலும் பட்டறையிலும் இதே கணக்கைப் போடுகிறோமே, அதுதான் என்னை உறுத்துகிறது. குடும்ப மானத்தைக் காப்பாற்ற ஒரு பெண்ணை விட்டுவிடுகிறோம். கம்பெனியைக் காப்பாற்ற ஒரு குமாஸ்தாவை. யார் நட்டு, யார் அச்சு என்று தீர்மானிக்கிறவன் ஒருபோதும் தன்னை நட்டு என்று எழுதிக்கொள்வதில்லை. உளி எப்போதும் அச்சின் கையில் இருக்கிறது. விரல் தோல் உரிந்த அன்று மேஸ்திரிக்குக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது தம் தொழில் கௌரவம். நட்டின் மூலை மழுங்கியது தம் கையால் என்று இருக்கக்கூடாது. பக்கத்தில் மலிவாக ஒன்று நின்றுகொண்டிருந்தது.

"நான் வாங்காத அடியா?" என்றாரே, அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவரை அறைந்தவர் ஒருவர் இருந்திருக்கிறார். அவரையும் யாரோ அறைந்திருப்பார்கள். இந்த மரை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஒருவரும் நின்று பார்க்கவில்லை; ஆளுக்கொரு சுற்று இறுக்கிக் கையில் கொடுத்திருக்கிறார்கள். போல்ட் விஷயத்தில் தம் குரு சொன்னதையெல்லாம் சோதித்துப் பார்த்து, பாதியைத் தள்ளிவிட்டுப் புது முறை கண்டவர் இவர். குரு சம்மட்டியால் அடிப்பாராம். இவர் சிறு சுத்தியலுக்கு மாறினார். பையன் விஷயத்தில் மட்டும் குருவின் முறை அப்படியே நின்றுவிட்டது. சம்மட்டி அடித்த போல்ட்டுகள் முறிந்து முறிந்து அவருக்குப் பாடம் சொல்லின. பையன்கள் முறிந்திருந்தால் அது அவர் பட்டறையில் நடந்திருக்காது. வேறெங்கோ, வேறொரு வருஷத்தில், வேறொருவர் மேல் நடந்திருக்கும். அந்தக் கணக்கு அவரிடம் வந்து சேர வழியில்லை.

அறை விழுந்த பிறகு பையன் மாறிப்போனான். அதற்குமுன் அவன் வாயாடி. "ஏண்ணே மெழுகு வெக்கிறீங்க? ஏண்ணே நேரே அடிக்கக்கூடாது?" என்று ஓயாமல் கேட்பான்; எண்ணெய்க் கையோடு செல்போன் பார்ப்பான்; கூலி போதவில்லை என்று முனகுவான். இப்போது கேள்வி இல்லை, முனகல் இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்தான். ஸ்பானர்களையெல்லாம் துடைத்து அளவுவாரியாக மாட்டிவைத்தான். மார்கழியில் இன்ஜினைத் திரும்பப் பூட்டியபோது, அடுத்த தடவை கழற்றுகிறவன் கஷ்டப்படக்கூடாது என்று ஒவ்வொரு மரையிலும் செம்புப் பொடி கலந்த கிரீஸ் தடவியது அவன்தான். மேஸ்திரிக்கு மிகவும் திருப்தி. "பாத்தீங்களா சார், திருந்திட்டான்" என்றார் என்னிடம். பையன் தலையைக் குனிந்துகொண்டு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தான்.

வண்டி பொங்கலுக்கு முதல்வாரம் கிளம்பியது. மூன்றாவது மிதியில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. தெருவில் எல்லோரும் வெளியே வந்து பார்த்தார்கள். இளைஞர் பையனுக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்தார். பொங்கலுக்கு ஊருக்குப் போன பையன் திரும்பி வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. வேறு பட்டறையில் சேர்ந்ததாகவும் தெரியவில்லை. மெக்கானிக் வேலையே வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக ஊர்க்காரர் ஒருவர் மூலம் தகவல் வந்தது.

மேஸ்திரி உண்மையாகவே கலங்கிப்போயிருந்தார். வேறொரு வண்டியின் போல்ட்டுக்குச் சொட்டு எண்ணெய் விட்டுக்கொண்டே என்னைக் கேட்டார்:

"நல்லாத்தானே சார் இருந்தான்? கொஞ்ச நாளா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாம, சொன்னதெல்லாம் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தான்?"